டி.எக்ஸ்.7-ல் முகவீணை: சீவாளி நனைந்த கதை

கடைசியில் முகவீணை வந்தே விட்டது. ஹார்மோனியம் மாதிரியும் இல்லை, கிளாரினெட் மாதிரியும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் வேஷம் திரையை விலக்கி வரும்போது பாட்டுக்கு மேலே ஏறி நின்று கீறுமே, சீவாளி என்ற நாணல் நாக்கை வைத்து ஊதுகிற அந்தச் சின்னக் குழல், முகவீணை. யமஹா டி.எக்ஸ்.7 என்ற சிந்தசைசர் கீபோர்டின் இன்டர்னல் மெமரியில் 32ஆவது இடத்தில் சேமித்துவிட்டேன். இந்தக் கருவியை வாங்கியதே இந்த ஒரு ஒலிக்காகத்தான்.

செல்போனில் பதிவு பண்ணி சாம்ப்ளரில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே என்று நண்பர்கள் கேட்டார்கள். சாம்பிள் எப்போதும் ஒரே மாதிரி ஊதும். கூத்தில் ஊதுகிறவர் பாடுகிறவரின் குரலைத் துரத்திக்கொண்டே போவார். மூச்சு ஏற ஏற நாதத்தின் நிறமே மாறும். டி.எக்ஸ்.7 ஒலி உண்டாக்குவது எஃப்.எம். முறையில்: மாடுலேட்டர் என்ற அலை, நாம் கேட்கிற கேரியர் என்ற அலையை அசைக்கும். அதில் அந்த மாற்றம் மாடுலேட்டரின் லெவலில் இருக்கிறது, விரலால் தொட முடிகிறது. 1983-ல் வந்த 14 கிலோ இரும்புப் பெட்டியை தர்மபுரி வரை தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அதுதான்.

கருவி பெங்களூரில் மூடிவிட்ட ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கிடைத்தது. ஜப்பான் உள்ளூர் மாடல், 100 வோல்ட். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த தகட்டைப் படித்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன். பழைய ஜப்பான் கருவி வாங்குகிற யாரும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதில் ஒருவரிடம் சொல்லி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிக்கொண்டேன். சூடாவதில்லை, ஹம்மும் இல்லை. ஆன்லைனில் விற்கிற பெட்டிகளைவிட நூறு மடங்கு மேல்.

பேட்டரி, போர்டிலேயே சால்டர் பண்ணிய சி.ஆர்.2032. அதைக் கழற்றி ஹோல்டர் வைத்தாயிற்று. கழற்றுவதற்கு முன் 32 ஒலிகளையும், கருவியையும் கணினியையும் இணைக்கும் மிடி வழியாக, சிசெக்ஸ் என்ற கோப்பாக எடுத்துவைத்தேன். ஒரு முழு பேங்க் 4104 பைட். அதற்கு ஒரு பைட் குறைந்திருந்தாலும் அந்தக் கோப்பு வேலைக்கு ஆகாது. மலிவு மிடி கேபிள்கள் இங்கேதான் கழுத்தை அறுக்கும். நோட் எல்லாம் ஒழுங்காகப் போகும், சிசெக்ஸ் மட்டும் பாதியில் நிற்கும். நல்ல இன்டர்ஃபேஸ் மாற்றியதும் முதல் தடவையே முழுதாக வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முகவீணைக்கு ரேஷியோ, அதாவது கேரியருக்கும் மாடுலேட்டருக்கும் உள்ள அதிர்வெண் விகிதம், என்ன என்பதில்தான் மாதக்கணக்கில் தலை வெடித்தது. எஃப்.எம். முறையைக் கண்டுபிடித்த ஜான் சௌனிங் 1973-ல் எழுதிய கட்டுரையிலேயே கிளாரினெட்டுக்கு 3-க்கு 2 என்று கொடுத்திருக்கிறார். மாடுலேட்டர் 2 என்பதால் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை ஹார்மோனிக், அதாவது அடிநாதத்தின் ஒற்றைப்படை மடங்குகள், மட்டும் விழும். கிளாரினெட்டின் குழல் ஒரே அகலம் கொண்ட உருளை என்பதால் அதற்கு அது பொருத்தம். முகவீணையின் குழல் நாதஸ்வரத்தைப் போலக் கூம்பு; எல்லா ஹார்மோனிக்கும் வேண்டும். ஆக மாடுலேட்டர் 1.00-ல்தான் நிற்க வேண்டும், அதில் பேச்சே இல்லை.

ஆனால் கேரியரையும் 1.00-ல் வைத்தால் அடிநாதம் பருத்துப்போய் ஹார்மோனியம் ஆகிவிடுகிறது. மாடுலேட்டரைக் கூட்டினால் பிராஸ் ஆகிறது. முகவீணையின் உயிர் அடிநாதத்தில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. அதனால் கேரியரையே மேலே தூக்கினேன். கேரியர் 3, மாடுலேட்டர் 1 என்றால் கேரியரின் பக்கங்களில் பிறக்கும் சைடுபேண்டுகள் 2, 4, 1, 5 என்று இரண்டு பக்கமும் விழும். எல்லா ஹார்மோனிக்கும் வரும், கனம் மட்டும் மூன்றைச் சுற்றி நிற்கும்.

டி.எக்ஸ்.7-ல் அலை உண்டாக்கும் ஆபரேட்டர்கள் (ஓ.பி.) ஆறு; அவற்றை இணைக்கும் விதம்தான் அல்காரிதம். அதில் அல்காரிதம் 5 எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் தெரிந்த எலெக்ட்ரிக் பியானோ ஒலி இ.பியானோ 1 உட்கார்ந்திருக்கிற அதே அல்காரிதம், கேரியரும் மாடுலேட்டருமாக மூன்று ஜோடி. ஓ.பி.1 ரேஷியோ 1, லெவல் 82; அடிநாதம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஓ.பி.3 ரேஷியோ 3, லெவல் 99, இதுதான் ராஜா. ஓ.பி.5 ரேஷியோ 5, லெவல் 88. மாடுலேட்டர் மூன்றும் 1.00, லெவல் வரிசையாக 70, 76, 62. லெவலில் 8 கூட்டினால் வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு இரண்டாகத்தான் நகர்த்த வேண்டும். ஓ.பி.6-ல், தன் ஒலியால் தன்னையே அசைக்கிற ஃபீட்பேக் 7. சீவாளியின் கரகரப்பு முழுக்க அங்கிருந்து வருகிறது. மேல் ஸ்தாயியில் ஓ.பி.5 காதைக் கிழித்ததால் கட்டைக்கு ஏற்ப லெவலை மாற்றும் கீபோர்டு லெவல் ஸ்கேலிங்கில் வலது பக்கம் மைனஸ் லீனியர் போட்டு இறக்கிவிட்டேன்.

இதையெல்லாம் கருவியின் அந்தச் சின்ன டிஸ்ப்ளேயில் பார்த்துச் செய்வது கொடுமை. பேக்லைட் கிடையாது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண். லேப்டாப்பில் டி.எக்ஸ்.7 போலவே ஒலிக்கும் டெக்ஸெட் மென்பொருளைத் திறந்து ஆறு ஆபரேட்டரையும் ஒரே திரையில் பார்த்து வேலை செய்துவிட்டு, மிடியில் அனுப்பிக் கேட்டேன். டெக்ஸெட் இலவசம். ஆனால் கடைசித் தீர்ப்பைக் கருவியின் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பழைய டி.எக்ஸ்.7-ன் வெளியீட்டில் இருக்கிற மணல் போன்ற சொரசொரப்பு இந்த ஒலிக்கு அப்படிப் பொருந்துகிறது.

பென்னாகரம் பக்கம் கூத்துக்கு ஊதுகிற மாமா ஒருவர் வீட்டுக்கு வந்தபோது வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மாப்ள, நாதம் கிட்ட வந்துருச்சு. ஆனா சீவாளி காஞ்சு கெடக்குது" என்றார்.

இதைவிடத் துல்லியமான குறிப்பு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. காய்ந்த சீவாளி டக்கென்று பேசும், அல்லது பேசவே பேசாது. நனைந்தது அப்படியில்லை. சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்து நெளிந்து ஏறி, பிறகு விரியும். டி.எக்ஸ்.7-ல் அதற்கு, நேரம் போகப் போகச் சுருதியை நகர்த்தும் பிட்ச் ஈ.ஜி. இருக்கிறது. எல். என்பவை நிலைகள், ஆர். என்பவை வேகங்கள். நோட் தொடங்குவது எல்.4-லிருந்து, 50 என்பது சரியான சுருதி. எல்.1, 2, 3 மூன்றையும் 50-ல் விட்டு எல்.4-ஐ மட்டும் 46 ஆக்கி, ஆர்.1-ஐ 85-ல் வைத்தேன். நெளிவு வந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: விரலை எடுத்ததும் சுருதி மறுபடி எல்.4-க்கு இறங்கும், நோட்டின் வால் தொங்கும். கேரியர்களின் ஆர்.4-ஐ 90-க்கு ஏற்றி, தொங்குவதற்குள் ஒலியை வெட்டிவிட்டேன். மாடுலேட்டர்களில் எல்.1 99, எல்.2 88 என்று வைத்ததில் தொடக்கத்தில் ஒரு சின்னச் சீறல், பிறகு அடங்கல்.

மாமாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "இப்ப நனஞ்சிருக்குது மாப்ள. இத யாரு ஊதுறாங்கன்னு கேட்டா நான் பேர் சொல்லுவேன்" என்றார். அன்றைக்கே மெமரி ப்ரொடெக்டை எடுத்து ஸ்டோர் பண்ணிவிட்டேன்.

மூச்சு இன்னும் பாதிதான். இப்போதைக்கு ஆஃப்டர்டச்சை, அதாவது அழுத்திய கட்டையை மேலும் அழுத்துவதை, லெவலை நகர்த்தும் ஈ.ஜி. பயஸுக்குக் கொடுத்து, மாடுலேட்டர்கள் அதற்கு எவ்வளவு அசைய வேண்டும் என்கிற ஏ.எம். சென்சிடிவிட்டியை 2 ஆக்கியிருக்கிறேன். அழுத்தினால் நாதம் திறக்கிறது. ஆனால் இந்தக் கருவியின் ஆஃப்டர்டச் கல் மாதிரி. ஒரு விருத்தம் வாசித்து முடிப்பதற்குள் சுண்டுவிரல் வீங்கிவிடுகிறது. முன்பக்கம், மூச்சால் ஒலியை இயக்கும் பிரெத் கன்ட்ரோலருக்கு ஒரு ஓட்டை காலியாக இருக்கிறது. யமஹாவின் பழைய பி.சி.1 கிடைத்தால் வாயால் ஊதியே வாசிக்கலாம். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கேட்டுப் பார்த்ததில் ஒருவருக்கும் பெயர்கூடத் தெரியவில்லை. ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டும்.

கமகம் தனிக் கதை. ஒரு நேரத்தில் ஒரே நோட் ஒலிக்கும் மோனோவில் போட்டு, நோட்டுக்கு நோட் வழுக்கவைக்கும் போர்ட்டமென்டோவை ஃபிங்கர்டு ஆக்கினால், விரல் எடுக்காமல் வாசிக்கிற இடத்தில் மட்டும் வழுக்குகிறது. முகாரியில் ஓரளவு சரி. மோகனத்தில் வழுக்கலே தேவையில்லாத இடத்திலும் வழுக்குகிறது. சுருதியைக் கையால் வளைக்கும் பெண்ட் வீல்தான் வழி என்று தோன்றுகிறது, ரேஞ்ச் 3.

அது கைக்கு வருவதற்குள்ளேயே மனசு பம்பை மேளத்துக்குப் போய்விட்டது. இரண்டு முகத்துக்கும் ஆபரேட்டர்களை ஃபிக்ஸடு ஃப்ரீக்வென்சியில் வைத்து, மாடுலேட்டரை முழு எண் இல்லாத விகிதத்துக்குத் தள்ள வேண்டும். சௌனிங் மணியோசைக்குச் சொன்ன 1-க்கு 1.4-ல் தொடங்கப் போகிறேன். பித்தளைப் பம்பையின் கணீர் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. ஆடி மாதக் கூத்துக்கு முன்னால் 31ஆவது இடத்தில் அதையும் ஏற்றிவிட வேண்டும்.