மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும்

செப்டம்பர் 18, வியாழன்
அம்மாவின் ஒவ்வாமை மாத்திரை மாறிவிட்டது. செடிரிசின் 10 மில்லிகிராம் போய் ஃபெக்ஸோஃபெனடின் 180. பகல் தூக்கமாவது குறையட்டும். "வெறும் வயித்துலயா? குடல் வெந்துடும்டி." அம்மாவின் பயம் வலி மாத்திரை காலத்துப் பயம். செடிரிசினுக்குச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையே கிடையாது. வயிறு நிறைந்திருந்தால் வேலை தொடங்கத் தாமதமாகும், உடம்பில் சேரும் மொத்த அளவு குறையாது. புதியதைச் சாப்பாட்டுக்கு முன் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

செப்டம்பர் 19
ராத்திரி முழுக்கத் தும்மல். டர்பன் நகரத்து ஈரக்காற்று, மெத்தைத் தூசி.

செப்டம்பர் 20, சனி
புரட்டாசி முதல் சனி. மதியப் படையல் வரை அம்மா சாப்பிட மாட்டாள். இந்த மாத்திரைக்கு அதைவிட நல்ல வயிறு வேண்டாம். ஆனால் தெம்புக்கென்று ஆரஞ்சு ஜூஸில் போட்டு விழுங்கியாயிற்று! ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் மூன்றுமே ஆகாது. இந்த மருந்தைக் குடல் சுவரில் உள்ளே ஏற்றிவிடும் புரதம் ஒன்று உண்டு. ஜூஸ் அதை மறித்துவிடும். ரத்தத்துக்கு வந்து சேரும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். ஜூஸ் குடித்தே ஆகவேண்டுமென்றால் நாலு மணி நேரம் தள்ளி.

செப்டம்பர் 22
கழுத்துத் தடிப்பு அப்படியே. விசாரித்தால், மாத்திரை தண்ணீரில்தானாம், ஜூஸ் பத்து நிமிஷம் கழித்தாம். ஐயோ அம்மா.

செப்டம்பர் 24, ஹெரிட்டேஜ் டே, தென்னாப்பிரிக்காவில் பொது விடுமுறை
தெருவெங்கும் பிராய்ப் புகை, கரியில் இறைச்சி சுடும் புகை. அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் வேறு. அதற்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த வெள்ளை மருந்தும் இந்த மாத்திரையின் எதிரிதான். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் வேண்டும். காலையில் மாத்திரை, ராத்திரி வெள்ளை மருந்து என்று ஃப்ரிட்ஜில் ஒட்டியாயிற்று.

செப்டம்பர் 26
கழுத்துத் தடிப்பு அமுங்கியிருக்கிறது. தண்ணீர் மட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு
இன்றோடு நிறுத்தம். அக்டோபர் 6ஆம் தேதி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் ஊசிக்குத்துப் பரிசோதனை. ஒரு வாரம் இந்த வகை மாத்திரை எதுவும் கூடாது. முன்கையில் ஹிஸ்டமின் சொட்டு வைத்துக் குத்துவார்கள், ஒவ்வாமையில் அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் பொருள் அது; அந்த இடம் தடிக்கவில்லை என்றால் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறதென்று அர்த்தம், மற்றச் சொட்டுகளை நம்ப முடியாது. அடங்கின நேரம் பார்த்தா இந்தத் தேதி வரவேண்டும்.

செப்டம்பர் 30
மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே தொடரலாம், பரிசோதனையைக் கெடுக்காது. ஸ்டீராய்டு களிம்பை மட்டும் முன்கையில் தடவக் கூடாது. தடிப்புக்கு ஈரத்துணி. அம்மா முறைக்கிறாள்.

அக்டோபர் 2
தூக்கமில்லை. இருவருக்கும்.

அக்டோபர் 4, சனி
அலமாரியில் பழைய இருமல் சிரப், மூடி ஈரம். லேபிளைத் திருப்பினேன்: டைஃபென்ஹைட்ரமின். ஜாதியில் அதுவும் நிறுத்திய ஒவ்வாமை மாத்திரை வகைதான், தூக்க மயக்கம் வேறு. எப்போது குடித்தாளென்று கேட்டால், "தொண்டைக்குத்தான்டி, அரிப்புக்கா குடிச்சேன்?" திங்கட்கிழமை போன் போட்டுத் தேதியைத் தள்ளக் கேட்க வேண்டும்.