புளியரை ஏற்றத்துக்கு ஒரு புது இண்டர்கூலர்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வாரம் இருமுறை போய்வருகிறேன். கார் 1.8 லிட்டர் பெட்ரோல் டர்போ, பழைய ஸ்கோடா ஆக்டேவியா. சமவெளியில் பறக்கும் அந்த வண்டி, சித்திரை வெயிலில் புளியரை தாண்டி எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பிறகு முந்தப் போனால் இழுக்காது. எஞ்சின் கணினியின் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்று 68 டிகிரி.

காரணம் புரிந்தது. 35 டிகிரிக் காற்றை, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போதே அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைத் தணிக்க வேண்டிய இண்டர்கூலரோ, பம்பரின் ஓரத்தில், சக்கரத்துக்கு முன்னால், ஒரு சிறு பெட்டியாக ஒடுங்கிக் கிடக்கிறது. சூடான காற்று உள்ளே போனால், பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் வராதபடி எஞ்சின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இழுவை அங்கேதான் போகிறது.

கிரில்லுக்குப் பின்னால் அகலமாக அமரும் இண்டர்கூலர் ஒன்றைக் குழாய்களோடு வரவழைத்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலில் எழுதித் தெரிவித்தேன். எல்லை தாண்டி ஓடும் வண்டிக்கு இது அவசியம் என்று நினைக்கிறேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு பம்பரை இறக்கவே அரைநாள் ஆனது. மழை ஊர், போல்ட்டுகள் எல்லாம் துரு. ரேடியேட்டருக்கு முன் நிற்கும் ஏசி கன்டென்சருக்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் புதியதைப் பொருத்தினேன். ஒட்டி வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று அடைபடும். உள்ளே அலுமினியத் துகள்கள் இருந்தன. பெட்ரோல் விட்டு அலசி, காற்றடித்து உலர்த்தினேன். இடம் போதாமல் பிளாஸ்டிக்கைத்தான் வெட்டினேன். மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கை வைக்கவில்லை.

மறுநாள் கோட்டைவாசல் வருவதற்குள் டப்பென்று ஒரு சத்தம். இழுவை அற்றது, பின்னால் கரும்புகை. ஒரு ஹோஸ் கழன்று தொங்கியது. கணினி அளந்து, அதற்கேற்பப் பெட்ரோல் ஊற்ற, அந்தக் காற்று வெளியே போய்விட, பெட்ரோல் மட்டும் மிஞ்சியதால் வந்த புகை அது. கழன்ற முனை வழவழவென்று இருந்தது. பழைய குழாயிலிருந்து ஒட்டிய எண்ணெயை நான் துடைக்கவில்லை.

தென்காசிப் பட்டறை ஒன்றில் ஆர்கான் வெல்டிங் வைத்து ஒவ்வொரு குழாய் முனையிலும் சுற்றிலும் சிறு மேடு எழுப்பி வாங்கினேன். ஹோஸ் வழுக்கினாலும் கிளாம்ப் அந்த மேட்டில் தடுத்து நிற்கும். பிறகு எங்கள் தெருப் பஞ்சர் கடை அண்ணாச்சியிடம் போனேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, "டியூப்பில் ஓட்டை பார்ப்பதைப் போலத்தானே தம்பி?" என்றார்.

அதுவேதான். ஒரு பிவிசி மூடியில் துளையிட்டு டியூப்லெஸ் வால்வைப் பொருத்தித் தந்தார். டர்போ காற்று இழுக்கும் ஹோஸில் அதைச் செருகி இறுக்கினேன். எஞ்சினின் எண்ணெய்ப் பகுதிக்குப் போகும் கிளைக்குழாயை அடைத்தேன். அழுத்தம் அங்கே போனால் சீல்கள் பிதுங்கும். "மூடிக்கு நேரே நிற்காதீர்கள்" என்று ஓரமாக நிறுத்திவிட்டு, அண்ணாச்சி மெல்ல மெல்ல 15 பவுண்டு வரை ஏற்றினார். நான் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். என் புது இணைப்புகளில் இரண்டு குமிழியிட்டன. நான் தொடவே தொடாத ஒரு பழைய ரப்பர் குழாய் நுரையாகப் பொங்கியது. எத்தனை ஆண்டுகளாகக் கசிந்ததோ! இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் நடுமலையில் நின்றிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் இறுக்கி, ஏசியும் போட்டு, அதே வெயிலில் அதே ஏற்றத்தில் ஏறினேன். லாரிகள் முன்னால் இருந்தன. ஆரியங்காவில் நிறுத்திப் பார்த்தபோது உள்ளே போகும் காற்று 47 டிகிரி. ரேடியேட்டர் முள் நடுவிலேயே நின்றது.