செல்டன் திட்டமும் எங்கள் மாதக் கடைசியும்

விற்பனையை முன்கணிக்கும் குழுவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவலைக் கையில் கொடுத்தார் எங்கள் குழுத் தலைவர். "நம்ம தொழிலுக்கு மூலநூல் இதுதான், படிச்சுப் பாருங்க" என்றார். விண்மீன் பேரரசு சரியப் போகிறது, அதன்பின் 30,000 ஆண்டுகள் இருண்ட காலம், அதை 1,000 ஆண்டுகளாகச் சுருக்க வழியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார் ஹாரி செல்டன். கருவைக் கேட்டதுமே ஆசை வந்துவிட்டது. ஆனால் நாவலோடு ஒட்டவே முடியவில்லை.

1942 முதல் பத்திரிகையில் தனித்தனியாக வந்த கதைகளோடு புதிதாக ஒரு முதல் பகுதியும் சேர்ந்து 1951இல் நூலானது. அதனால் ஒருவரோடு பழகி முடிப்பதற்குள் பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. பெரும்பாலும் அறைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். செல்டனின் ஆட்கள் குடியேறிய டெர்மினஸ் கிரகத்தை, அண்டை அரசான அனாக்ரியானின் படைகள் ஆக்கிரமிக்க வருகின்றன. டெர்மினஸின் மேயர் சால்வர் ஹார்டினுக்குத் தீர்வு புலப்படுகிறது. அத்தோடு அந்தப் பகுதி முடிகிறது. அடுத்த பகுதி 30 ஆண்டுகள் கழித்துத் தொடங்கி, அவர் மற்ற மூன்று அரசுகளைத் தூண்டிவிட்டு எதிரியை விரட்டிய கதையை நினைவுகூரலாகச் சொல்லிவிட்டுப் போகிறது. நான் பார்க்க ஏங்கிய காட்சி அதுதான்.

செல்டனின் கணிதத்துக்கு இரண்டு நிபந்தனைகள். மக்கள் தொகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும். கணிப்பு அவர்களுக்குத் தெரியக் கூடாது. வேலையில் இரண்டையும் கண்ணால் பார்க்கிறேன். மொத்த விற்பனையை ஓரளவு நெருங்கிவிடுவோம், ஒரு தனிக் கடை எங்களை ஏமாற்றிவிடும். எங்கள் எண் விற்பனைப் பிரிவுக்குப் போனதும் அது டார்கெட் ஆகிவிடும். டார்கெட்டைத் தொட்டவர்கள் மிச்ச ஆர்டரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். வரைபடத்தில் மாதக் கடைசி வாரம் படுத்துக் கிடக்கும், ஒன்றாம் தேதி செங்குத்தாக எழும்.

இதைச் சொன்னபோது தலைவர் மகிழ்ந்து போனார். "வரலாறுதான் அதில் நாயகன், தனி ஆட்கள் முக்கியமில்லை" என்றார். அவர் வாதம் புரிகிறது. ஏற்க மனம் வரவில்லை. எங்கள் வரைபடத்தின் கோட்டை வளைப்பது, ஆர்டர் தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டும் ஓர் ஆள். அவருக்கு வீட்டில் என்ன நெருக்கடி, மேலாளர்மேல் என்ன பயம் என்று அறியத்தான் எனக்கு ஆர்வம். முதல் நூலில் அப்படி ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது நூலில் மியூல் என்றொருவன் வந்து திட்டத்தையே குலைக்கிறானாம். அதையும் தலைவரிடமிருந்தே வாங்கி வந்திருக்கிறேன்.