சென்சர் நெட்வொர்க் பாடம்: முதலில் கணக்கைப் போடுங்கள்

மலையகத்திலிருந்து கம்பஸ் போய், கடைசி வருடத்தில் வயர்லெஸ் சென்சர் நெட்வொர்க் (அளந்ததை ரேடியோவில் அனுப்பும், பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகளின் வலை) பாடத்தை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. பலரும் புரோட்டோகால் பெயர்களை மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறார்கள். நானென்றால் அதைக் கடைசிக்கு வைப்பேன்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த லீச் (LEACH) என்ற புரோட்டோகாலின் கட்டுரையில் உள்ள ரேடியோ மாதிரியை எடுங்கள். ஒரு பிட்டை அனுப்பவும் பெறவும் மின்சுற்றுக்குத் தலா 50 நானோஜூல். அனுப்பும்போது அதோடு தூரத்தின் வர்க்கத்தை 100 பிக்கோஜூலால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 100 மீட்டரை நேரே அனுப்பினால் 1050 நானோஜூல். நடுவில் ஒரு கணுவை (node, வலையில் உள்ள ஒரு சென்சர் கருவி) வைத்தால், அதுவரை அனுப்ப 300, அது பெறுவதற்கு 50, மறுபடி 300, ஆக 650. லாபம்தான். இதையே 20 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: நேரே 90, நடுவில் கணு வைத்தால் 170! கணுக்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் வெறுமனே கைமாற்றி விடுவதால் பேட்டரி மிஞ்சாது, அனுப்பும் பிட்டுகளையே குறைக்க வேண்டும். பக்கத்துக் கணுக்கள் ஏறக்குறைய ஒரே அளவைச் சொல்வதால் அது முடியும். வலைக்குள்ளேயே தரவைத் தொகுப்பது ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

தொகுப்பதில் சறுக்கும் இடம் சராசரி. ஒரு மலையில் 10 பேர், ஆளுக்குச் சராசரி 16 கிலோ கொழுந்து. அடுத்த மலையில் 30 பேர், சராசரி 20 கிலோ. சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 18 வரும், உண்மையில் 19. மொத்த நிறுவையும் ஆள் எண்ணிக்கையும் கையில் இருந்தால்தான் கணக்கப்பிள்ளைக்குக் கணக்கு ஒத்துவரும். கணுவும் கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டையும் மேலே அனுப்ப வேண்டும். உச்சத்துக்கு, அதாவது மிகப் பெரிய அளவுக்கு, ஒரே எண் போதும். இடையத்துக்கு (median, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) இந்தத் தந்திரம் பலிக்காது. அப்புறம், ஒரே தரவு இரண்டு பாதைகளில் வந்தால் கூட்டுத்தொகை தப்பாகிவிடும், உச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைப் பலர் எழுத மறக்கிறார்கள்.

இந்த வலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கூஜா (Cooja) சிமுலேட்டரைத் திறக்குமுன், கணுக்கள் கிளைகளாக இணைந்த ஒரு சின்ன மர வடிவத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கணுவும் எதை அனுப்புகிறது என்று கையால் எழுதிவிடுங்கள்.

வைவாவுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவு நமக்கெல்லாம் தெரியும். அப்படியொரு சரிவில் மண்ணின் நீரழுத்தத்தைச் சராசரியாக்கி அனுப்பினால், ஒரே ஒரு கணு காட்டும் ஆபத்தான ஏற்றம் மற்றவற்றுக்குள் அமுங்கிவிடும். அங்கே உச்ச அளவும் அதைச் சொன்ன கணுவின் எண்ணும் வேண்டும். அளவு எல்லையைத் தாண்டினால் தொகுப்புக்குக் காத்திராமல் உடனே அனுப்ப வேண்டும். "பக்கத்துக் கணுக்களின் தரவைத் தொகுத்து அனுப்பும் தலைமைக் கணுவே மண்ணில் புதைந்தால்?" என்று கேட்பார்கள். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மற்றக் கணுக்கள் வேறு தலைமையைத் தேட வேண்டும். அந்த நேரத்தை எவ்வளவு வைப்பீர்கள், ஏன் என்பதையும் யோசித்துக்கொண்டே உள்ளே போங்கள்.