மரவள்ளி மா உறை: தேயிலைச் சாயம் சேர்த்து வார்த்துப் பார்த்தது

இலங்கையில் 2017இல் சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்ததிலிருந்து பலரும் இதற்கு மாற்றுத் தேடுகிறார்கள். முதலிலேயே சொல்லிவிடலாம்: மா உறையில் சோறு கறி கட்ட முடியாது, குழம்பு பட்டால் கூழாகிவிடும். மல்லி, மிளகு, முறுக்கு, தேயிலை மாதிரிக் காய்ந்த சாமான்களுக்குத்தான் இது சரி.

மாவைக் கடையில் வாங்கலாம், வீட்டிலும் எடுக்கலாம். மரவள்ளியைத் தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து துணியில் பிழிந்து, மூன்று நான்கு மணி நேரம் தெளியவிட வேண்டும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு தடவை கழுவினால் அடியில் வெள்ளை மா நிற்கும். கிழங்கின் நஞ்சு தண்ணீரில் கரைவதால் கொட்டும் தண்ணீரை மாட்டுக்கு வைக்கக் கூடாது.

அடிப்படை அளவு: மா 5 கிராம், தேயிலைச் சாயம் 100 மில்லி, கிளிசரின் 1 கிராம். உறையை வளைய வைக்கும் கிளிசரின் பாமசியில் கிடைக்கும். 20க்கு 20 சென்ரிமீற்றர் தட்டில் இதைக் காய்ச்சி ஊற்றினால் காய்ந்த பின் சுமார் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் உறை வரும். தட்டு சரிந்திருந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கிழியும், அதனால் நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்துவிட்டே ஊற்றவும்.

சாயத்துக்கு டஸ்ட் தேயிலைத் தூள் 3 கிராமை 120 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தால் 100 மில்லி கிடைக்கும். சூட்டோடு சேர்க்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் அரை மணி நேரம் வைத்துவிட்டால் தேத்தண்ணி கலங்கிப் பால் மாதிரி ஆகும். அந்தக் கலங்கல் உறையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம், சாயமும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். சில்வர் சட்டி போதும்.

மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அந்த அளவைச் சாயத்தில் கழித்துக்கொண்டு, சாயத்தோடும் கிளிசரினோடும் கலந்து 80 முதல் 85 பாகையில் பத்து நிமிடம் மெதுவாகக் கிளறவும். வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி வந்தால் வெந்துவிட்டது. வேகம் கூடினால் காற்றுக் குமிழ் புகும். காய்ந்ததும் ஒவ்வொரு குமிழும் ஒரு ஓட்டை. சட்டியைக் காய்ச்சும் முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, ஆவியாய்ப் போன தண்ணீரைச் சுடுநீரால் ஈடுகட்டவும். வினாகிரி சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. சூட்டில் அமிலம் மாச்சத்தின் சங்கிலியை அறுக்கும், உறை பலவீனமாகும். நாங்கள் விட்டுவிட்டோம்.

இனி வருவதுதான் மலையகத் தொல்லை. பொதுவாகச் சொல்லப்படும் கிளிசரின் அளவு மாவில் 30 சதவீதம், அதாவது 1.5 கிராம். ஜூன் மாத அட்டனில் அதைப் போட்டால் உறை தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்; மடித்து வைத்ததைப் பிரித்தால் கிழியும். கிளிசரின் ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரமும் கிளிசரின் மாதிரியே மாவை இளக்கும். ஆகவே அங்கே காற்றே பாதிக் கிளிசரின். 1 கிராமுக்குக் குறைத்ததும் ஒட்டல் நின்றது. அதே 1 கிராம் உறையை ஓகஸ்ட்டில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும்போது எடுத்துப் பார்த்தால் அப்பளம் போல நொறுங்கும்; அங்கே 1.5தான் சரி. கிளிசரினை மாதமும் ஊரும் பார்த்துத்தான் போட வேண்டும்.

காய வைப்பதிலும் அதே கதை. மழை நாளில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேல் கட்டினால் புகை வாசனை ஏறும். காட்போட் பெட்டியில் மேலும் கீழும் துளையிட்டு, பெட்டிச் சுவரில் படாமல் 60 வாட் குண்டு பல்ப் தொங்கவிட்டால் 40 பாகை அளவில் நிற்கும். பன்னிரண்டு மணி நேரம் வரை எடுக்கும். ரெஜிபோம் பெட்டி பல்ப் சூட்டில் உருகும். காய்ந்ததும் உடனே உரிக்காமல் அறைக்காற்றில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஓரம் தானாக எழும்பும். அக்ரிலிக் தட்டில் சுலபமாக உரியும், கண்ணாடியில் ஒட்டும்.

கறுவா இலை எண்ணெய் ஐந்து துளியும் போட்டுப் பார்த்தோம். பூஞ்சணத்தைத் தடுப்பது அதிலுள்ள யூஜினோல். கூழ் 50 பாகைக்குக் கீழே ஆறிய பின், எண்ணெயைத் தண்ணீரோடு சேரவைக்கும் லெசித்தின் கொஞ்சம் சேர்த்துக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து வழவழத் திட்டாக நிற்கும். இஞ்சி பிஸ்கட்டுக்கு அந்த வாசனை நன்றாகவே இருக்கிறது. தேயிலை பொதியும் உறையில் இந்த எண்ணெய் வேண்டாம், தேயிலை எந்த வாசனையையும் குடித்துவிடும்.

சாயம் சேர்த்த துண்டையும் சேர்க்காத துண்டையும் 2 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி ஒரு நாள் தண்ணீரில் போட்டோம். சாயமில்லாதது கையில் எடுக்க வராமல் கரைந்தது. சாயமுள்ளது ஊதிப் பருத்தாலும் துண்டாகவே நின்றது. தேயிலையின் துவர்ப்புச் சத்தான பொலிபீனோல் மாச்சத்தைப் பிடித்து இறுக்குவதுதான் காரணம். தூளை 6 கிராமாக்கினால் இன்னும் இறுகும் என்று பார்த்தால், நிறம் கறுத்து உறை முறுகியதுதான் மிச்சம்.

அடுத்த வார்ப்பில் ஒரு பக்கம் மட்டும் தேன்மெழுகை உருக்கித் தூரிகையால் மெல்லப் பூசப் போகிறோம். 63 பாகை அளவில் உருகும் மெழுகு குளிர்ந்த உறையில் பட்டதும் கட்டியாகும், அதனால் உறையையும் பெட்டிக்குள் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.