சென்னை ஓப்பன் நம்மளோடதுன்னு யாருங்க சொன்னது?

2017ல சென்னை ஓப்பன் டென்னிஸ் டோர்னமென்ட் புனேக்குப் போகுதுன்னு நியூஸ் வந்தப்போ டைம்லைன் முழுக்க ஒரே ஒப்பாரி, "நம்மகிட்டேருந்து புடுங்கிட்டாங்க", "எல்லாம் அரசியல்"ன்னு ஆளாளுக்கு எழுதினாங்க, நானும்தான் எழுதினேன். ஆனா அந்த டோர்னமென்ட் நமக்கு எப்படி வந்துச்சுன்னு அன்னிக்கு யாருமே பேசல. 1996ல அது டெல்லில நடந்துச்சு, ஸ்வீடன்காரர் தாமஸ் என்க்விஸ்ட் ஜெயிச்சார். அடுத்த வருஷமே மெட்ராஸுக்கு, இல்ல, அதுக்குள்ள பேரு சென்னைன்னு மாறியிருந்துச்சு, இங்க வந்துடுச்சு. டெல்லிக்காரங்க வருத்தப்பட்டாங்களான்னு நம்ம கேட்டோமா என்ன? ஏடிபி (ஆண்கள் டென்னிஸை நடத்துற அமைப்பு) டோர்னமென்ட்ங்கிறது காலண்டர்ல ஒரு வாரம், அந்த வாரத்தை நடத்துற உரிமை ஒருத்தர்கிட்ட இருக்கும், ஊரு இடம் கொடுக்குது, அவ்ளோதான். வாடகை வீட்டை சொந்த வீடுன்னு நெனச்சு இருபது வருஷம் இருந்துட்டோம்.

சென்னைக்கு ஏன் வந்துச்சுன்னா, இங்க ரெடியா ஒரு ஸ்டேடியம் இருந்துச்சு. 1995 டிசம்பர்ல தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்துச்சே, அதுக்காக நுங்கம்பாக்கம் லேக் ஏரியால கட்டினது. பெருசுன்னு சொல்ல முடியாது, ஆறாயிரம் பேருக்குள்ளதான் உக்காரலாம். ஆனா ஊருக்கு டென்னிஸ் புதுசு இல்ல. 1960லயும் 61லயும் விம்பிள்டன் செமிஃபைனல் ஆடின ராமநாதன் கிருஷ்ணன், அவர் பையன் ரமேஷ் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ்னு எல்லாரும் இந்த ஊருக்காரங்க. கொல்கத்தா பையன் லியாண்டர் பயஸ் 1985ல இங்க வந்து அமிர்தராஜ் குடும்பத்தோட அகாடமிலதான் சேர்ந்தார். அதனால கூட்டத்துக்கு ஸ்கோர் சொல்லிக் கொடுக்கவேண்டிய அவசியம் வரல.

ஆரம்பத்துல நடத்தினது ஏப்ரல் மாசத்துல. ஏப்ரல்! ஹார்ட் கோர்ட், கீழேருந்து அனல், மேலேருந்து வெயில், அதுல ஐரோப்பாவுலேருந்து வந்தவங்க மூணு செட் ஆடணும். 1997 ஃபைனல்ல மிக்கேல் டில்ஸ்ட்ராம் மூணாவது செட்டை 7-5னு எடுத்தார், அந்த வெயில்ல கடைசி கேம் வரைக்கும் நின்னதுக்கே தனியா ஒரு கப் கொடுத்திருக்கலாம். 1998ல பாட்ரிக் ராஃப்டர் வந்தார், அப்போ அவர்தான் யுஎஸ் ஓப்பன் சாம்பியன், வந்தவர் சும்மா போகாம டைட்டிலையும் தூக்கிட்டுப் போனார். அப்புறம்தான் ஜனவரி முதல் வாரத்துக்கு மாத்தினாங்க, அது பெரிய மாற்றம். ஆஸ்திரேலியன் ஓப்பனுக்கு முன்னாடி வார்ம்-அப் ஆட ஒரு இடம், கிளைமேட்டும் சென்னைல அதைவிட நல்லா இருக்காது. ஒரே சிக்கல் அதே வாரம் தோஹாலயும் ஒரு டோர்னமென்ட், பணத்துல அவங்களோட மல்லுக்கட்ட முடியாது.

ஸ்பான்சர் கதை தனியா இருக்கு. முதல்ல பேரே கோல்டு ஃபிளேக் ஓப்பன், ஆமா, சிகரெட் பேருதான். ஓடி ஓடி மூச்சு வாங்குற ஆட்டத்துக்கு சிகரெட் ஸ்பான்சர், அப்போ யாருக்கும் வித்தியாசமா தெரியல. 2002லேருந்து டாடா ஓப்பன், 2005லேருந்து வெறும் சென்னை ஓப்பன், 2010லேருந்து ஏர்செல் சென்னை ஓப்பன். டோர்னமென்ட் போன அடுத்த வருஷமே ஏர்செல்லும் திவால், நெட்வொர்க் போயி பாதி தமிழ்நாடு நம்பரை போர்ட் பண்ண அலைஞ்சது ஞாபகம் இருக்கும்.

மத்த ஊர்ல டபுள்ஸ்னா கூட்டம் காபி குடிக்கப் போற நேரம். இங்க தலைகீழ். பயஸ்-பூபதி ஜோடி 1997, 98, 99னு வரிசையா மூணு தடவை ஜெயிச்சாங்க, 2002ல மறுபடி, அப்புறம் சண்டை போட்டுப் பிரிஞ்சு, சேர்ந்து, 2011ல மறுபடியும். சிங்கிள்ஸ் செமிஃபைனலுக்கு இருக்கிற கூட்டத்தைவிட இவங்க ஆடுறப்போ சத்தம் அதிகமா இருக்கும். பயஸ் நெட்டுக்குப் பக்கத்துல குனிஞ்சு நின்னுட்டு முதுகுக்குப் பின்னாடி விரலை மடக்கிக் காட்டுவார், சர்வ் போறதுக்கு முன்னாடியே ஸ்டாண்ட்ல நாலு பேரு "இப்ப கிராஸ் பண்ணுவான் பாரு"ன்னு சொல்லுவாங்க, அவரும் பண்ணுவார். அம்பயர் "கொயட் ப்ளீஸ்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்கேருந்தோ லியாண்டரை "கமான் லீ"ன்னு கூப்பிட்டு ஒரு குரல் வரும். சின்ன ஸ்டேடியம்கிறதால அது பிளேயர் காதுல விழும், சில நேரம் சிரிச்சுட்டு பாலை திரும்ப தட்டிட்டு நிப்பாங்க.

இந்தியர் இல்லாதவங்கள்ல சென்னைக்காரங்க சொந்தமா எடுத்துக்கிட்டது ரெண்டு பேரை. ஒருத்தர் தாய்லாந்தோட பாரடோர்ன் ஸ்ரீசபன். ஜெயிச்சதும் நாலு பக்கமும் திரும்பி கைகூப்பி கும்பிடுவார், நம்ம ஊர்ல அதுக்கு மேல என்ன வேணும். 2003ல டைட்டில் அடிச்சார், ஆனா 2002, 2004, 2005 மூணு ஃபைனல்லயும் தோத்தார், கடைசி ரெண்டும் கார்லோஸ் மோயாகிட்ட, ரெண்டு வருஷமும் மூணாவது செட் டைபிரேக் (6-6 ஆனா செட்டை முடிக்க ஆடுற கடைசி கேம்) வரைக்கும் போயி ரெண்டுலயுமே 7-5. இப்படியும் ஒரு துரதிர்ஷ்டம். இன்னொருத்தர் அந்த மோயாவேதான். 2005 டோர்னமென்ட் நடந்தது சுனாமி வந்து ஒரு வாரம் கழிச்சு, மெரினால இன்னும் ஆள் தேடிட்டிருந்த நேரம், ஸ்டேடியத்துலேருந்து பீச் சில கிலோமீட்டர்தான். ஜெயிச்ச பரிசுப் பணத்தை மோயா சுனாமி நிவாரணத்துக்கே கொடுத்துட்டார். ஊரு அதை மறக்கல.

சரி, எல்லாரும் கேக்கிற மேட்ச்சுக்கு வர்றேன். 2008 செமிஃபைனல், நடால்-மோயா. ரெண்டு பேருமே மயோர்காத் தீவுக்காரங்க, சின்ன வயசுல நடாலுக்கு பிராக்டிஸ் பார்ட்னரா இருந்து வழிகாட்டினவர் மோயா, பின்னாடி 2016 கடைசில அவருக்கே கோச்சா சேர்ந்தவர். அன்னிக்கு நடால் உலக நம்பர் 2, மோயாவுக்கு முப்பது தாண்டிடுச்சு. முதல் செட் டைபிரேக் மோயாவுக்கு, ரெண்டாவது டைபிரேக் நடாலுக்கு, மூணாவதும் டைபிரேக். மோயாவுக்கு நாலு மேட்ச் பாயின்ட் கெடச்சுது, நாலையும் நடால் காப்பாத்தினார். மூணு மணி 54 நிமிஷம், வெறும் மூணு செட்டுக்கு! கூட்டத்துக்கு யாருக்குக் கை தட்டுறதுன்னே தெரியல, மோயா நம்மாளு, நடால் நடால், அதனால எல்லா பாயின்ட்டுக்கும் தட்டினாங்க. மறுநாள் ஃபைனல்ல மிக்கைல் யூஷ்னி நடாலை 6-0, 6-1னு துவைச்சு எடுத்துட்டார். டிக்கெட் வாங்கினவங்களுக்கு நிஜமா பாவமா இருந்துச்சு, பாப்கார்ன் தீர்றதுக்குள்ள மேட்ச் தீர்ந்துடுச்சு. கால் வராத நடாலை அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல. அவருக்கு சென்னைல சிங்கிள்ஸ் டைட்டில் கடைசி வரைக்கும் கிடைக்கல. ஆனா 2004ல, பதினேழு வயசுப் பையனா, டாமி ரொப்ரெடோகூட சேர்ந்து டபுள்ஸ் ஜெயிச்சிருக்கார், இது பல பேருக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் சோம்தேவ் தேவ்வர்மன். வைல்டு கார்டுல, அதாவது ரேங்கிங் பத்தாம நடத்துறவங்க கொடுத்த இடத்துல உள்ள வந்தவர், மோயாவை ஜெயிச்சார், இவோ கார்லோவிச்சை ஜெயிச்சார், செமில எதிராளி காயம்னு விலகிட்டார், நேரா ஃபைனல். மாரின் சிலிச்கிட்ட 6-4, 7-6னு தோத்தார், ஆனா அந்த வாரம் ஆபீஸ்ல டென்னிஸ் தெரியாதவங்ககூட ஸ்கோர் கேட்டாங்க. 2012 ஃபைனல் ராவோனிச்-டிப்சரெவிச், மூணு செட்டும் டைபிரேக், ரெண்டு பேரும் ஒருத்தர் சர்வை ஒருத்தர் ஒரு தடவைகூட உடைக்கல, அதாவது எதிராளி சர்வ் பண்ற கேமை யாரும் எடுக்கல, ராவோனிச் டோர்னமென்ட் முழுக்கவே ஒரு சர்வ் கேம் விடல. நேர்ல பாக்க போர்தான்னு சொன்னா சண்டைக்கு வருவீங்க, ஆனா போர்தான். வாவ்ரின்கா 2011, 14, 15, 16னு நாலு தடவை எடுத்தார், அதுல 2014ல சென்னைல ஜெயிச்ச கையோட மெல்போர்ன் போயி ஆஸ்திரேலியன் ஓப்பனும் அடிச்சார், அதுக்கும் கிரெடிட் நமக்கேன்னு எடுத்துக்கிட்டோம். 2017 கடைசி வருஷம்னு அப்போ யாருக்கும் தெரியாது. பவுட்டிஸ்டா அகுட்கிட்ட ஃபைனல்ல தோத்த ஒல்லிப் பையன் டேனியல் மெத்வதேவ், அதுதான் அவரோட முதல் ஏடிபி ஃபைனல். டபுள்ஸ் ஃபைனல்ல நாலு பேருமே இந்தியர், போபண்ணாகூட சேர்ந்து ஜெயிச்சது நம்ம ஊரு ஜீவன் நெடுஞ்செழியன்.

அப்புறம் உரிமையை வச்சிருந்த ஐஎம்ஜி ரிலையன்ஸ் மகாராஷ்டிராக்காரங்களோட ஒப்பந்தம் போட்டு புனேக்குக் கொண்டுபோயிட்டாங்க. 2018லேருந்து 2023 வரைக்கும் அங்க, நடுவுல கொரோனால ஒரு வருஷம் இல்ல. இப்போ அதுவும் இல்ல, 2024லேருந்து ஹாங்காங். புனேக்காரங்க பொலம்பினப்போ எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் வந்துச்சு, மறைக்க விரும்பல.

2022 செப்டம்பர்ல அதே நுங்கம்பாக்கத்துல அதே சென்னை ஓப்பன்கிற பேர்ல பெண்கள் டோர்னமென்ட் வந்துச்சு, டபிள்யூடிஏ 250 (டபிள்யூடிஏன்னா பெண்கள் டென்னிஸ் அமைப்பு, 250ங்கிறது ஜெயிச்சா கிடைக்கிற ரேங்கிங் பாயின்ட்). "சென்னை ஓப்பன் திரும்ப வந்துடுச்சு"ன்னு பேப்பர்ல போட்டாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு, இது வேற டோர்னமென்ட், வேற உரிமை. ஆனா டென்னிஸ் நல்லா இருந்துச்சு. பதினேழு வயசு செக் பொண்ணு லிண்டா ஃப்ருவிர்டோவா ஃபைனல்ல மாக்டா லினெட்கிட்ட முதல் செட்டை விட்டுட்டு அடுத்த ரெண்டையும் எடுத்தா. அடுத்து நடக்க 2025 ஆச்சு, மழைக்கு நடுவுல நடத்தி முடிச்சாங்க, இந்தோனேசியாவோட ஜேனிஸ் ஜென் ஜெயிச்சார், 2002க்கு அப்புறம் அந்த நாட்டுக்கு முதல் டபிள்யூடிஏ சிங்கிள்ஸ் டைட்டில்.

என்னைக் கேட்டா ஏடிபி 250 திரும்ப வருமான்னு காத்திருக்கிறதைவிட இங்க நடக்கிற சேலஞ்சருக்கு, அதாவது ஏடிபிக்கு ஒரு படி கீழே இருக்கிற டோர்னமென்டுக்கு, கூட்டமா போகலாம். இருபத்தொரு தடவை பெரிய டோர்னமென்ட் நடந்தும் ஒரு இந்தியர்கூட சிங்கிள்ஸ் ஜெயிக்கல, 2024 பிப்ரவரில சேலஞ்சர்ல சுமித் நாகல் ஜெயிச்சார், அந்த ரேங்கிங் பாயின்ட்லதான் முதல் தடவையா உலக டாப் 100க்குள்ள போனார்.