4,000 ரூபா மிச்சம் பண்ணி 38,000 செலவழிச்ச கதை

விடியக்காலை மூணு மணி இருக்கும், அடுப்படியில டமார்னு ஒரு சத்தம். பூனைதான் பாத்திரத்தத் தள்ளி விட்ருச்சுனு நெனச்சு எந்திரிச்சுப் போய் லைட்டப் போட்டா, கேஸ் அடுப்பு மேல சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல ஒரு சிமெண்ட் பாளம் கெடக்கு. சுத்தி ஒரே மண்ணு. அண்ணாந்து பாத்தா சீலிங்ல ரெண்டு கம்பி அப்படியே வெளிய தெரியுது, துரு ஏறி செங்கல் பொடி கலர்ல. ஆறு மணிக்கு நான் அதே எடத்துலதான் நின்னு பாலக் காய்ச்சுவேன். பொண்ணு பக்கத்துல நின்னு டிபன் பாக்ஸ் கழுவிக்கிட்டு இருப்பா. எனக்குக் கை காலெல்லாம் ஒதற ஆரம்பிச்சிருச்சு.

இது 2023 நவம்பர்ல, நல்ல மழை நேரம். அதுக்கு ஒரு வருசம் முன்னாடியே எங்க ஏரியா கொத்தனார் மாடி ஏறிப் பாத்துட்டு, "தளத்துல பதிச்ச தட்டோடு பூரா ஜாயிண்ட் விட்ருக்கும்மா, மழைக்கு முன்னாடி பாயிண்டிங் பண்ணி அந்த இடுக்கையெல்லாம் அடைச்சு விட்ருவோம், 4,000 ஆகும்"னு சொன்னாரு. நான்தான் "கடன் முடியட்டும்ணே, பாத்துக்குருவோம்"னு அனுப்பிட்டேன். அன்னைக்கு எனக்கு ஒரே பெருமை, 4,000 மிச்சம் பண்ணிட்டோமேன்னு.

கடன் எப்படி வந்துச்சுன்னா, எங்க வீட்டுக்காரரு மதுரையில ஒரு காலேஜ் பக்கத்துல ஜெராக்ஸ், பைண்டிங் கடை வச்சிருந்தாரு. 2020ல காலேஜ மூடுனாங்க, கடைக்கு வேலையே இல்ல, ஆனா வாடகை நிக்குமா, மெஷினுக்கு வாங்குன லோன் நிக்குமா. இன்னைக்குத் தொறப்பாங்க நாளைக்குத் தொறப்பாங்கன்னு ஒன்றரை வருசம் கார்டுலயும் கைமாத்துலயும் ஓட்டிட்டு, கடைசியில கடையக் காலி பண்ணிட்டு அவரு ஒரு பிரஸ்ல சம்பளத்துக்குப் போயிட்டாரு. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி போடுறேன். ஊர்ல இருக்கவங்க கணக்கெல்லாம் காலணா பிசகாமப் போடுவேன், எங்க வீட்டுக் கணக்க மட்டும் 2022 ஜூன் வரைக்கும் எழுதிப் பாக்கவே இல்ல. பயம்தான், வேற என்ன.

எழுதுனப்போ வந்தது இது. பர்சனல் லோன் 2,80,000, கிரெடிட் கார்டு 1,10,000, நாத்தனார் கிட்ட வாங்குன கைமாத்து 80,000, நகைக்கடன் 60,000. மொத்தம் 5,30,000. ரெண்டு பேரு சம்பளத்துல வாழ்ற குடும்பத்துக்கு இது சின்ன தொகையில்ல.

அதுல கார்டு கணக்கப் போட்டுப் பாத்துட்டு எனக்குத் தூக்கமே வரல. எங்க கார்டுக்கு மாசம் 3.5 சதவீதம் வட்டி, அதாவது 3,850 ரூபா. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற, அது ஒரு 693. ஆக மாசம் 4,543 ரூபா சும்மா போகுது. நாங்க மினிமம் ட்யூன்னு 5,500 கட்டிக்கிட்டு, பரவால்ல நம்ம ஒழுங்காக் கட்டுறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், உண்மையில அசல்ல கழிஞ்சது ஆயிரம் ரூபா கூட இல்ல! அப்புறம் என் ரெண்டு வளையல வச்சு, ஏற்கனவே இருந்த நகைக்கடனோட 1,10,000 சேத்து வாங்கி கார்ட ஒரே அடியா அடைச்சேன். நகைக்கு வருசத்துக்கு 11 சதவீதம், மாசம் 1,000 சொச்சம்தான் வட்டி. எங்கம்மா ஒரு வாரம் எங்கூடப் பேசல, கையில வளையல் இல்லாம பொம்பளப் பிள்ள நிக்கிறியேன்னு. நானும் விளக்கிப் பாத்தேன், 42 சதவீதம் எங்க 11 சதவீதம் எங்கன்னு. அம்மாவுக்கு அதெல்லாம் கேக்குமா.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பித்துப் பிடிச்சுது. ஒரு ரூபா செலவு பண்ண மாட்டேன்னு ஒரு வெறி. அதுல பாதி நல்ல காரியம், அத இன்னைக்கு வரைக்கும் விடல. ரேஷன்ல பருப்பு கிலோ 30க்கும் பாமாயில் லிட்டர் 25க்கும் கெடைக்கும்போது முன்னாடியெல்லாம் யாரு வரிசையில நிப்பான்னு விட்ருவேன், இப்போ சரக்கு வந்துருச்சுன்னு தெரிஞ்ச உடனே பையத் தூக்கிட்டுப் போயிருவேன். ஆபீசுக்கு ஸ்கூட்டில போய்க்கிட்டு இருந்தத நிப்பாட்டிட்டு பொம்பளைகளுக்கு ஃப்ரீயா விடுற டவுன் பஸ்ல போறேன், மாசம் பெட்ரோல் காசு அப்படியே மிச்சம். கரண்டு பில்லுக்கு ஒரு பழக்கம் வச்சிருக்கேன், ரீடிங் எடுத்துட்டுப் போன தேதியில இருந்து நாப்பதாவது நாள் நானே மீட்டரப் பாத்து காலண்டர் தாள்ல எழுதிருவேன். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 100 யூனிட் ஃப்ரீ போக அடுத்த 100க்கு கம்மி ரேட்டு, 500 தாண்டிட்டா அந்தக் கம்மி ரேட்டும் போய் அதுவும் மேல் ரேட்டுக்கு ஏறிரும். 490ல நிப்பாட்டுறதுக்கும் 510க்குப் போறதுக்கும் இருக்க வித்தியாசம் வெறும் இருவது யூனிட் காசு மட்டும் இல்ல. அதனால நாப்பதாவது நாள் 400 தாண்டியிருந்தா கடைசி இருவது நாள் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு வீட்ல 144 போட்ருவேன்.

ஆனா மிச்ச பாதி சுத்த முட்டாள்தனம். பல்லு கூசுது, ஒரு ஃபில்லிங் போட்டா 1,000 ரூபா. அப்புறம் பாத்துக்கலாம்னு எட்டு மாசம் இந்தப் பக்கம் மெல்லாம அந்தப் பக்கம் மென்னுக்கிட்டு, கடைசியில மூஞ்சி வீங்கி ரூட் கெனால், கேப்னு 9,000 குடுத்துட்டு வந்தேன். தட்டோடும் அதே கதைதான். கார்டுல பாக்கி இருந்தா மாசாமாசம் பேப்பர்ல வட்டிய எழுதி அனுப்புறான், பல்லும் மாடியும் அப்படி பில்லு அனுப்புறதில்ல, அவ்ளோதான் வித்தியாசம். வட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கு.

சீலிங் விழுந்த அன்னைக்குக் காலையில அதே கொத்தனார் வந்தாரு. சொன்னேன்ல கேட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல, நல்ல மனுசன். சுத்தியல எடுத்து சீலிங்க எடம் எடமாத் தட்டுனாரு. நல்லா இருக்க எடத்துல டொங் டொங்னு கெட்டியா சத்தம் வருது, சில எடத்துல மட்டும் பொத்து பொத்துன்னு காலி டப்பாவத் தட்டுன மாதிரி. அங்கெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டாரு. போட்டு முடிக்கும்போது அடுப்படி சீலிங்ல ஏழு வட்டம். கீழ விழுந்த பாளத்தத் திருப்பிக் காட்டுனாரு, கம்பி இருந்த எடம் அச்சு மாதிரி பள்ளமா, ஓரமெல்லாம் துரு அடுக்கடுக்கா பப்ஸ் மாதிரி உரியுது. "இரும்பு துருப்பிடிச்சா ஊதும்மா, ஊதுறதுக்கு எடம் வேணும்ல, அதான் சிமெண்ட்டத் தள்ளி விட்ருது"ன்னாரு. எனக்கு அது வரைக்கும் தண்ணி பட்டு சிமெண்ட் இத்துப் போயிதான் விழும்னு நெனப்பு.

நான் கேட்டேன், இப்போதைக்குக் கீழ மட்டும் பூசி விட்ரலாமாண்ணேன்னு. (பாருங்க, அப்பவும் புத்தி எங்க போகுதுன்னு.) அவரு முடியவே முடியாதுன்னுட்டாரு. மேல தண்ணி எறங்குறத நிப்பாட்டாம கீழ பூசுனா அடுத்த மழைக்கு அந்தப் பூச்சும் சேந்து விழும்னாரு. மழை விட்டதும் மொதல்ல மேல மாடியில தட்டோட்டு ஜாயிண்ட்ட எல்லாம் கெளறி எடுத்து, வாட்டர் ப்ரூஃப் மருந்து கலந்த கலவையில அடைச்சு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையெல்லாம் உருட்டி விட்டாரு. உடைஞ்ச ஓட்ட மாத்துனாரு. அப்புறம் கீழ வந்து வட்டம் போட்ட எடத்தையெல்லாம் கம்பி பூரா வெளிய தெரியிற வரைக்கும் கொத்தி எடுத்துட்டு, கம்பி பிரஷ்ஷால தேச்சு, துரு எடுக்குற மருந்து அடிச்சு, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல பாலிமர் கலவைய ரெண்டு தடவையா வச்சுப் பூசுனாரு. அவரு, ஒரு சித்தாள், ஒம்பது நாள் வேலை. பத்து நாளைக்கு வராண்டாவுல அடுப்பு வச்சுதான் சமையல். மொத்தம் 38,000. அதுல 20,000 கைல இருந்துச்சு, மிச்சத்த அவரே மூணு தவணையா வாங்கிக்கிட்டாரு.

அதுக்கப்புறம்தான் டப்பா முறை வந்துச்சு. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூணு. ஒண்ணு வீட்டுக்கு, மாசம் 2,000. ஒண்ணு மேலுக்கு முடியலைன்னா, அதுல 1,000. மூணாவது மொய். ஆபீஸ்ல எங்கூட வேலை பாக்குற தம்பி சிரிச்சான், "அக்கா, பர்சனல் லோனுக்கு 14 சதவீதம் கட்டிக்கிட்டு பாட்டில்ல காசு வக்கிறீங்களே, இதுவா டேலி"ன்னு. கணக்குப்படி அவன் சொல்றது சரிதான். ஆனா பாட்டில்ல காசு இல்லன்னா அடுத்த தடவ மோட்டார் காயில் போகும்போது நான் திரும்ப கார்டத்தான் தேய்ப்பேன், எனக்கு என்னயத் தெரியும். மொத்தமா லோனுக்குப் போட்டு முடிக்கலாம்னா, முன்கூட்டி முடிச்சா அதுக்கும் ஒரு சார்ஜ்னு எங்க அக்ரிமெண்ட்ல போட்ருந்தான். அது அதுபாட்டுக்கு இஎம்ஐல ஓடட்டும்னு விட்டுட்டோம்.

மொய் பாட்டில் எதுக்குன்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நோட்டுல எழுதியிருப்பாங்க, நமக்கு வந்தது நாம திருப்பிச் செய்யணும், வட்டியில்லாக் கடன் அது. மொத வருசம் காசில்லன்னு நான் காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா எதுக்குமே போகல. உடம்பு சரியில்ல, ஆபீஸ்ல லீவு இல்லன்னு ஒரே பொய். கொஞ்ச நாள்ல கூப்புடுறதையே நிப்பாட்டிட்டாங்க. அப்பத்தான் வலிச்சுது. ஞாயித்துக்கெழம ஆனா நானும் அவரும் ஆளுக்கொரு மூலையில போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம், பேச ஆரம்பிச்சா கடனப் பத்திதான் பேச்சு, அது சண்டையில முடியும், அதனால பேசுறதே இல்ல. இப்போ மாசம் 1,500 அந்தப் பாட்டில்ல போகுது. கடன் முடிய சில மாசம் கூட ஆகும்தான், ஆகட்டும்.

நாத்தனார் கைமாத்தும் அப்படித்தான். வட்டியே இல்லாத கடன், கணக்குப்படி கடைசியா அடைக்க வேண்டியது. ஆனா ஒவ்வொரு தடவையும் அவங்க வீட்டுக்கு வரும்போது நான் புதுசா ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கியிருந்தா கூட அத ஒளிச்சு வைப்பேன். அவங்க ஒண்ணும் கேட்டதில்ல, பாவம். இருந்தாலும் மாசம் 3,000 அவங்களுக்குன்னு ஒதுக்கி இருவத்தேழு மாசத்துல முடிச்சேன். கடைசித் தவணை குடுத்த அன்னைக்கு அவங்க வீட்லயே ரெண்டு தோசை கூடச் சாப்ட்டேன்.

எங்க வீட்டுக்காரரு விசயம்தான் எனக்குப் பெரிய பயமா இருந்துச்சு. கடைய மூடுனதுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துருப்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா காசு எதுக்குன்னுருவாரு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா வர்ற அக்கா ஒரு நாள் எங்க மாமியாருக்கு சுகர் பாக்க வந்தாங்க, சும்மா நீங்களும் கையக் குடுங்க சார்னு இவருக்கும் பிரஷர் பாத்தா 160க்கு 100. இவருக்கே முகம் மாறிருச்சு. இப்போ மாத்திரை வீட்டுக்கே வருது, காசு கெடையாது. சாயங்காலம் ரெண்டு பேரும் தெப்பக்குளத்துக்குப் போயி ரெண்டு சுத்து சுத்துறோம். தண்ணி நெறைஞ்சு கெடக்கும், காத்து நல்லா வரும், மொத சுத்துல கடனப் பத்திப் பேசலாம், ரெண்டாவது சுத்துல பேசக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம். மாசம் ஒரு தடவ மட்டும் ஜிகர்தண்டா, ஆளுக்கு ஒண்ணு, பங்கு போடுறதெல்லாம் கெடையாது.

பொண்ணும் நானும் ஞாயித்துக்கெழம நத்தம் ரோட்ல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருவோம். 2023 ஜூலையில தொறந்தாங்க, ஏசில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் படிக்கலாம், ஒரு பைசா வாங்க மாட்டாங்க. மே மாசத்துல நம்ம வீட்டு ஃபேன் ஓட வேண்டிய நேரமும் மிச்சம்.

ஃபேன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஹால் ஃபேன் மெதுவாச் சுத்துதுன்னு புதுசு வாங்க 2,000 எடுத்து வச்சிருந்தோம், எதுத்த வீட்டு எலக்ட்ரீசியன் தம்பி வந்து பாத்துட்டு "யக்கா, கண்டென்சர் போயிருக்கும், 2.5 மைக்ரோஃபாரட்னு கேட்டு வாங்கிட்டு வாங்க"ன்னான். ஐம்பது ரூபாதான். மெயின ஆஃப் பண்ணிட்டு அவன் மாட்டுறதப் பக்கத்துல நின்னு பாத்தேன், அடுத்த ரூம் ஃபேனுக்கு நானே மாட்டுனேன். குழாய் வாஷர், டெஃப்ளான் டேப் சுத்துறது, மேல் தொட்டியில மிதவை வால்வு மாத்துறதெல்லாம் இப்போ என் வேலை. ஹீட்டர், மெயின் போர்டு பக்கம் மட்டும் கை வைக்க மாட்டேன், அதுக்கு ஆள்தான்.

இப்போ பர்சனல் லோன் முடிஞ்சுது, கைமாத்து முடிஞ்சுது. நகைக்கடன்ல 40,000 பாக்கி. பாத்ரூம் டைல்ஸ் ரெண்டு ஒடஞ்சிருக்கு, அத அப்படியே விட்டுட்டேன், பாக்கத்தான் அசிங்கம், தண்ணி கசியல. ஹால் சுவத்துக்குப் பெயிண்டும் அடிக்கல, வர்றவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும். வளையல் வந்தப்புறம் பெயிண்ட்னு முடிவு, பொண்ணு இப்பவே பச்சைக் கலர்னு சொல்லி வச்சிருக்கா, எனக்குப் பிடிக்கல.

ஐப்பசி பொறக்கப் போகுது, காலையில இருந்தே மேகம் மூட்டமா இருக்கு. மாடியில தண்ணி போற ஓட்டைய எதுத்த வீட்டு வேப்பமரத்து எலை அடைச்சிருக்கும். இவரு வெளக்கமாறோட மேல ஏறிட்டாரு, நானும் ஒரு வாளியத் தூக்கிட்டுப் போறேன்.